தோட்டத்துப் பெஞ்சு

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. தேக்குச் சட்டம், நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கும் கெட்டித் துணி, காலை நீட்டிப் போட்டுக்கொள்ள இரண்டு நீண்ட கைகள். தாத்தா காலத்தில் வந்தது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா அதில் உட்கார்ந்தார். அப்பா ஊரில் இல்லாத நாட்களில் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். பள்ளி விடுமுறையில் என் தம்பி அதில் படுத்துக்கொண்டு படக்கதை படிப்பான். நான் உட்கார்ந்தால் மட்டும் உள்ளேயிருந்து ஆயாவின் குரல் வரும். "தெருவுல போறவங்க பார்க்க இப்படியா சாஞ்சு கிடப்ப? எழுந்து உள்ள வா."

அம்மா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டும் என்றால் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். எந்தக் காலில் விரிசல், எந்த ஆணி துருப்பிடித்தது, துணியின் எந்த ஓரத்தில் தையல் விட்டுப்போகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

வருடா வருடம் சித்திரையில், அப்பா கொல்லைக்குக் கிளம்பிய பிறகு, அம்மா நாற்காலியைத் தெருவாசலுக்கு இறக்குவார். துணியைக் கோத்திருக்கும் கம்புகளை உருவி எடுத்து, துணியைச் சவுக்காரத் தண்ணீரில் ஊறப்போடுவார். ஈரத் தேங்காய் நாரால் சட்டத்தைத் தேய்ப்பார். மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். வெயில் படும் பக்கம் தேக்கு சாம்பல் நிறமாகிவிடும். மரம் கெட்டுப்போய்விட்டது என்று நான் நினைப்பேன். "மேல்தோல்தான் வெளுக்குது. உள்ள அப்படியே இருக்கு பாரு" என்று தேய்த்த இடத்தைக் காட்டுவார். தேக்குக்கு உள்ளேயே எண்ணெய் உண்டு. கரையானும் அதை எளிதில் அண்டாது. வெயிலை விட மோசம், ஈரம் தேங்கி நிற்பதுதான். அதனால் மூட்டு சேரும் இடங்களில் அப்பியிருக்கும் தூசியைத் துடைப்பக் குச்சியால் கிளறி எடுப்பார். தூசி இருந்தால் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் மூட்டு உளுக்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் கடையில் வாங்கிவைத்த லின்சீட் ஆயிலைப் பழைய துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுவார். வார்னிஷ் அடிக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். வெளியில் கிடக்கும் மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வார்னிஷ் கூடவே நெளியாமல் வெடித்துவிடும். வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது என்றார். எண்ணெய் துடைத்த துணியை எங்கேயும் சுருட்டிப் போட மாட்டார். வேலியில் விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆசாரி சொல்லிக்கொடுத்ததாம். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், கசக்கிப் போட்ட துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும் என்பதை நான் பல வருடம் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் அப்பா வருவதற்குள் நாற்காலி திண்ணையில் பழைய இடத்தில் இருக்கும். அப்பா உட்காருவார். ஒரு வருடமாவது "புதுசு மாதிரி இருக்கே" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா கெட்டவர் இல்லை. அது தானாகவே புதுசு மாதிரி இருக்கும் பொருள் என்று அவர் நினைத்திருந்தார்.

நாற்காலி ஒன்றுதான் என்றில்லை. வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில். வெயில் காலத்தில் ஆண்கள் வெளியே படுக்க அதுதான். மூட்டைப்பூச்சி வந்தால் அதன் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவது, மழை தூறினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிலைத் தூக்கி நிறுத்துவது எல்லாம் அம்மா. பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. அவற்றுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்றார்கள். இரண்டு கோடை வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் மாவு ஒட்டியது. ஒரு நாள் விருந்தாளி உட்கார்ந்ததும் கால் பிளந்துகொண்டது. "நெழல்ல போட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்று அப்பா கேட்டது அம்மாவைத்தான்.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். பலாவும் முந்திரியும் எங்கள் மண்ணுக்கு அடையாளம். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் எடுப்பார்கள். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். கட்டில் கால், வேலிக்கால் என்று மண்ணைத் தொடும் மரத்துக்கெல்லாம் பூசினால் கரையான் வராது. கொட்டாங்குச்சியில் அந்த எண்ணெயை ஊற்றி, கட்டிலின் நான்கு கால்களையும் இராத்திரி முழுக்க அதில் நிற்கவைப்பார் அம்மா. மரம் தண்ணீரைக் குடிப்பது பக்கவாட்டில் அல்ல, வெட்டு முனையில்தான் அதிகம். காலின் அடிப்பக்கம் வெட்டு முனை. அது தண்ணீரைக் குடிப்பதற்கு முன் எண்ணெயைக் குடிக்க வைத்துவிட வேண்டும்.

அந்த எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். அம்மாவின் வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் அளவில் வடு உண்டு. எண்ணெய் வழிந்ததைக் கவனிக்காமல் வேலையை முடித்துவிட்டுத்தான் கை கழுவியிருக்கிறார். ஆனால் அம்மாவின் ஒரு வடுவைப் பற்றி எழுதும்போது, எங்கள் வீட்டுக் கொட்டகையில் முந்திரி உடைக்க வந்த பெண்களின் கைகளைப் பற்றி எழுதாமல் போவது நியாயமில்லை. சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அப்படியும் உள்ளங்கையும் விரல் நுனியும் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அவர்கள் காலனியிலிருந்து வருபவர்கள். மத்தியானம் கொட்டகையின் மண்தரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கட்டில் பத்தடி தூரத்தில் வேப்ப மர நிழலில் காலியாகத்தான் கிடக்கும். அது எனக்கு அப்போது கண்ணில் படவில்லை. அம்மா நாற்காலியில் உட்காராததே படவில்லை, இது எப்படிப் படும்?

அம்மா எங்கேதான் உட்காருவார்? அடுப்படியில் மணை. தோட்டத்தில் துணி துவைக்கும் கல். மாதத்தில் மூன்று நாள் அந்தக் கல்தான் அவருக்கு வீடு. அந்த நாட்களில் கட்டிலையும் நாற்காலியையும் தொடக் கூடாது. மழை வந்தால் மட்டும், "கட்டிலத் தூக்கி வைடி" என்று ஆயாவே சத்தம் போடுவார். கட்டில் நனைவதா தீட்டுப் படுவதா என்று வந்தால், தீட்டுக்கு விதிவிலக்கு உண்டு.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் கொல்லையில் நிமிர்ந்து நிற்கும் முந்திரி மரம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் ஆயா நட்ட பலா வேரோடு சாய்ந்து, கொட்டகைக் கூரை மேல் கிடந்தது. சுற்று வட்டாரம் முழுக்க இதே கதை. ஒரு தலைமுறை வளர்த்த மரங்கள் ஒரே காலையில் விறகாயின. மரம் வாங்குகிறவர்கள் லாரியோடு வந்தார்கள். அவ்வளவு மரம் ஒரே நேரத்தில் விழுந்தால் விலையை யார் சொல்வது? அவர்கள்தான் சொன்னார்கள்.

பலா மரத்துக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு இருந்தது. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எங்கள் பக்கத்துப் பலாவைத்தான் தேடி வருவார்கள். அப்பா பேசி முடிக்கும் நேரத்தில் அம்மா வாசலுக்கு வந்தார். அந்நிய ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வாசலுக்கு வருவதே புதிது.

"அடிமரத்துல எனக்கு ஒரு துண்டு வேணும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"பெஞ்சு செய்யணும்."

"வீட்டுல உட்கார எடமா இல்ல?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் நகரவும் இல்லை. வியாபாரி சிரித்துக்கொண்டே, "குடுத்துடுங்க, அம்மா ஆசப்பட்டு கேக்குறாங்க" என்றார். நான் அப்போது சென்னையிலிருந்து புயலுக்குப் பின் ஓடி வந்து அருகில்தான் நின்றிருந்தேன். அம்மா தனக்கென்று ஒரு பொருளைக் கேட்டு நான் கேட்ட முதல் முறை அது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வந்த மரத்தை அம்மா உடனே வேலைக்குக் கொடுக்கவில்லை. பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கி, கொட்டகை நிழலில் ஒரு வருடம் காயவைத்தார். பச்சை மரத்தில் செய்தால் பிறகு முறுக்கிக்கொள்ளும். வெட்டிய புதிதில் மஞ்சளாக இருந்த பலகை அந்த ஒரு வருடத்தில் தேன் நிறத்துக்கு வந்தது.

ஆசாரி வந்தபோது அம்மா அளவெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தார். நீளம் ஐந்தடி. உட்காரும் இடத்துக்கு மூன்று பலகை, நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. ஒட்டியே போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்றார் ஆசாரி. "பார்க்குறதுக்கு இல்ல, தண்ணி எறங்கணும்" என்றார் அம்மா. பலகை முன்பக்கம் இம்மி சரிந்திருக்க வேண்டும், மழைத் தண்ணீர் ஓடிவிடும். காலுக்கு அடியில் கருங்கல். இதெல்லாம் முப்பது வருடம் மற்றவர்கள் உட்காரும் சாமான்களைத் தேய்த்தும் துடைத்தும் தூக்கியும் கற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஆசாரி தலையாட்டினார். கடைசியாக அம்மா சொன்னதில்தான் தகராறு வந்தது.

"பெஞ்சுக்கு முதுகு வேணும்."

அப்பா திண்ணையிலிருந்தே கேட்டார். "முதுகு வேறயா? சாஞ்சு உட்கார நீ என்ன கலெக்டரா?"

"எனக்கு முதுகு வலிக்குது" என்றார் அம்மா. அவ்வளவுதான். பெஞ்சுக்கு முதுகு வந்தது. தெருப் பக்கம் போடக் கூடாது என்று மட்டும் அப்பா சொன்னார். அது தோட்டத்தில், பலா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. தோட்டத்துப் பெஞ்சு என்று பெயர் விழுந்தது.

சாயங்காலம் நான்கரையிலிருந்து ஐந்து மணி வரை அம்மா அதில் உட்காருவார். பூ தொடுக்க மாட்டார், அரிசி புடைக்க மாட்டார். சும்மா உட்காருவார். முதல் சில மாதம் அந்தச் சும்மாவுக்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு இருந்தது. அந்த நேரமாகப் பார்த்து அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டும், ஆயாவுக்கு வெற்றிலை வேண்டும். அம்மா எழுந்து போய்க் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவார்.

ஒரு நாள் முந்திரி உடைக்க வந்த அக்கா ஒருவருக்குத் தலை சுற்றியது. அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதில் ஒன்றும் பிரச்சினை வரவில்லை, உடம்பு சரியில்லை என்பது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளக்கூடிய காரணம். மறுநாள் தலை சுற்றாமலேயே அவர் உட்கார்ந்ததில்தான் பிரச்சினை. அப்பா அம்மாவிடம் பேசவில்லை. பேசாமல் இருந்தது ஒரு வாரம். அந்த அக்காவும் மூன்றாம் நாளிலிருந்து கொட்டகைத் தரைக்கே போய்விட்டார். அம்மா திரும்பக் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியும். கூப்பிடவில்லை. அம்மாவைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். தனக்கென்று ஓர் இடத்தைப் பிடிக்க அவருக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பாதியை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் அப்போது தெம்பில்லை.

2017இல் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் வரை சாய்வு நாற்காலியில் அவர் படம் இருந்தது. காரியம் முடிந்த வாரம் அம்மா என்னையும் தம்பியையும் கூப்பிட்டார். "பெஞ்சத் தூக்கித் தெருவாசல்ல போடுங்க."

சித்திதான் முதலில் பேசினார். காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் எதிரில் இந்தக் கோலத்தில் உட்காரலாமா, ஊர் என்ன பேசும் என்று. கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் போகிற காரியம் நடக்காது என்ற நம்பிக்கை எங்கள் தெருவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. "பார்க்கப் புடிக்கலன்னா அந்தப் பக்கமா போகட்டும். தெரு அகலமாத்தான் இருக்கு" என்றார் அம்மா. ஐந்தடிப் பெஞ்சு, இரண்டு பேர் தூக்கும் கனம். தூக்கிக்கொண்டு நடை வழியாக வரும்போது தம்பி மெதுவாகக் கேட்டான், "அம்மா சீரியசாதான் சொல்றாங்களா?"

அப்பாவின் நாற்காலிக்கு அதன் பிறகும் இரண்டு சித்திரை எண்ணெய் போட்டார். மூன்றாம் வருடம் போடவில்லை. பெங்களூருவில் தன் ஃபிளாட்டுக்கு அதை எடுத்துப் போகலாமா என்று தம்பி கேட்டபோது உடனே சரி என்றார். "வருஷத்துக்கு ஒரு தடவ எண்ணெய் போடணும். நீயே போடணும். உம் பொண்டாட்டி தலையில கட்டாத." தம்பி இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறான். துணியை வேலியில் விரிக்கச் சொன்னதையும் நம்பவில்லை, இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவைச் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு ஸ்டூல் போட்டார்கள். புடவை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். "நீ எப்பம்மா உட்காருவ?" என்று அம்மா கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மேற்பார்வையாளர் நிற்கும் பக்கம் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டில் விஜியும் 'பெண்கூட்டு' அமைப்புப் பெண்களும் வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்காகவே வருடக்கணக்கில் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்று அந்தச் சமயத்தில் கோபமாக ஒரு கட்டுரை எழுதினேன்.

அதை எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை வீட்டு பால்கனியில், நானே சம்பாதித்து வாங்கிய தேக்கு நாற்காலியில். அது இரட்டை நாற்காலி, நடுவில் சின்ன மேசை. எங்கள் பால்கனியில் கடல் காற்று வரும், உப்பும் தூசியும் தினமும் படியும். அதைத் தினமும் ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. மூட்டில் தூசி தங்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மா வந்து தங்கியிருந்த ஒரு நாள், அக்காவுக்குக் காபி கொடுத்துவிட்டு, "இப்படி உட்காரும்மா" என்று இன்னொரு நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"இருக்கட்டும்மா, எனக்குத் தரைதான் வசதி" என்று அக்கா தரையில் உட்கார்ந்தார். ஆறு வருடமாக அவர் அங்கே வேலை செய்கிறார். அந்த ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூட அந்த நாற்காலியைத் தட்டிக் காட்டியதில்லை. அன்று இரவு அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைத் தரைக்குத் திரும்பிப்போன அந்த அக்காவை அவரும் நினைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நாற்காலியைத் துடைப்பது என் வேலை. அக்காவிடம் உட்காருங்கள் என்று சொல்லப் பழகியிருக்கிறேன். சில நாள் உட்காருகிறார், சில நாள் தரையில்தான். உட்காரும் நாட்களிலும் முதுகைச் சாய்ப்பதில்லை. நான் சொன்ன உடனே சாய்ந்துகொள்வதற்கு அவருக்கு என்ன அவசியம்? ஆறு வருடம் சொல்லாதவள் நான்.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிய முடிவதில்லை. கருங்கல்லின் மேல் நிற்கும் பெஞ்சுக் கால்களுக்கு முந்திரி எண்ணெயை நான்தான் பூசினேன், கையுறை போட்டுக்கொண்டு. உட்காரும் பலகையில் அது ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது, தோல் வெந்துவிடும். பலகைக்கு லின்சீட் ஆயில். பலாப் பலகை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நன்றாகச் சிவந்துவிட்டது. தெருவில் போகும் பெண்களில் மூன்று நான்கு பேர் சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம். முதுகு வைத்த பக்கம்தான் முதலில் நிறையுமாம்.

நான் எண்ணெய்த் துணியோடு நிற்கும்போதே அம்மா வந்து பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டார். மறு முனையிலிருந்து பூசிக்கொண்டே வந்து, அவர் புடவை ஓரம் வரை வந்து நின்றேன்.

"எழுந்திரும்மா, இந்தப் பக்கமும் போடணும்."

"இரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு" என்றார்.